எந்தக் கதவைத் தட்டுவது? சிறு வணிகரின் குறை அரசின் காதுக்குப் போகும் வழிகள்

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்து, மூன்றரை மணிக்கு நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்துத் தரை கழுவிக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அந்த உணவகம். அதன் கணக்கைப் பல ஆண்டுகளாக நான்தான் பார்க்கிறேன். முதலாளி கல்லாவிலிருந்து மூன்று தாள்களை எடுத்துவந்து மேசைமேல் பரப்பினார். ஒன்று, கடை வாடகையைப் புதுப்பிக்கும் கடிதம். இன்னொன்று, தமிழ்நாட்டிலிருந்து ஒரு சமையல் மாஸ்டரை எடுக்கப் போட்ட விண்ணப்பத்துக்கு, வெளிநாட்டு ஊழியர் ஒதுக்கீடு இல்லை என்று வந்த பதில். மூன்றாவது, கடை முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையில் வெங்காய மூட்டை அடுக்கியதற்கு வந்த எச்சரிக்கை.

“எல்லாத்தையும் ஒரே மனுவா எழுதி எம்.பி.கிட்ட குடுத்துடலாமா தம்பி? இல்ல, சேம்பர்ல, அதான் வணிகச் சபையில, சேருங்கன்னு சொல்றாங்களே, சந்தா கட்டிச் சேர்ந்துடட்டுமா?”

“கொஞ்சம் பொறுங்கண்ணே. மூணும் மூணு விதம்.”

அன்று அவரிடம் அரைமணி நேரத்தில் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். தேக்காவைச் சுற்றி நான் கணக்குப் பார்க்கும் மற்ற கடைக்காரர்களும் இதே கேள்வியை வேறு வேறு சொற்களில் கேட்கிறார்கள். கதவு தெரியாமல் தட்டி, பதில் வராமல், “நம்ம பேச்ச யாரு கேக்கிறா” என்று ஓய்ந்து போகிறவர்களைப் பார்க்க எனக்கு மனம் கஷ்டமாக இருக்கிறது. இந்த ஊரில் கேட்பதற்கு ஆள் உண்டு. ஆனால் ஒவ்வொரு குறையையும் கேட்கிறவர் வேறு.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். விதி சரியாக இருந்து, நம் விஷயத்தில் மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டார்களா? அல்லது அதிகாரி விதிப்படியேதான் செய்திருக்கிறார், அந்த விதியே நம் கடைக்குப் பொருந்தவில்லையா? முதலாவது என்றால் ஒரு கடிதம் போதும். இரண்டாவது என்றால் எத்தனை கடிதம் எழுதினாலும் அதே பதில்தான் வரும்.

எம்.பி.யின் மக்கள் சந்திப்பு முதல் வகைக்கு நல்ல இடம். செலவில்லை, வாராவாரம் நடக்கிறது, தொண்டூழியர் உட்கார்ந்து நம் கதையைக் கேட்டுக் கடிதம் எழுதித் தருவார். அபராதத்தைத் தவணையில் கட்ட, கெடுவை நீட்டிக்க, ஒரு முடிவை மறுபடி பார்க்கச் சொல்ல அந்தக் கடிதம் உதவும். ஆனால் அது கேட்பது ஒருவருக்கான விதிவிலக்கை. அண்ணனுக்கு விதிவிலக்கு கிடைத்தாலும் பக்கத்துக் கடைக்காரர் அதே சுவரில்தான் மோதுவார். இன்னொன்றும் உண்டு. நம் ஆட்களில் பலர் கடை வைத்திருப்பது இங்கே, குடியிருப்பது ஈசூனிலோ உட்லண்ட்சிலோ. ஓட்டு அங்கே, வியாபாரம் இங்கே. கடை இருக்கும் தொகுதியின் எம்.பி. முதலில் பார்க்க வேண்டியது அங்கே குடியிருப்பவர்களை.

குடியிருப்பவர்களின் நலனும் கடைக்காரரின் நலனும் எப்போதும் ஒரே பக்கம் இருப்பதில்லை. 2013 டிசம்பர் 8ஆம் தேதி லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் லிட்டில் இந்தியாவையும் கேலாங்கையும் தனி வட்டாரங்களாக அறிவித்தது. வார இறுதியில் மாலை 7 மணிக்கு மேல் சில்லறைக் கடையில் மது வாங்கிச் செல்ல முடியாது. அதனால் வருமானம் இழந்த கடைக்காரர்களை எனக்குத் தெரியும். அதே மாலைகளில் வீட்டு மாடிப்படியில் நிம்மதியாக ஏறிப்போக முடிகிறது என்று சொன்ன தாய்மார்களையும் தெரியும். இந்த வட்டாரத்துக்காக எதைக் கேட்கப் போனாலும் அந்தத் தாய்மார்களுக்கான பதிலையும் கையில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

வெங்காய மூட்டை விஷயம் பெரியதில்லை. அஞ்சடி மக்கள் நடப்பதற்கு. சரக்கு இறக்கும் அரைமணி நேரத்துக்கு மட்டும் ஒரு ஏற்பாடு வேண்டுமென்றால், அதைத் தெருவிலுள்ள கடைகள் சேர்ந்து கேட்பதே சரி. லிட்டில் இந்தியா கடைக்காரர்கள் மரபுடைமைச் சங்கமான லிஷா இந்த மாதிரித் தெருக் காரியங்களுக்குப் பழகிய அமைப்பு. தீபாவளி ஒளியூட்டையும் பொங்கல் கொண்டாட்டத்தையும் நடத்துகிறவர்களுக்கு எந்தத் தெருவை எப்போது மூட வேண்டும், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. மூன்றாவது தாளை அவர்களிடம் கொண்டுபோகச் சொன்னேன். அது முடிந்தது.

அரசாங்கத்துக்கே நேராக எழுதும் வழியும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட தொழில்முனைப்பு ஆதரவுக் குழுவில் அரசாங்க அதிகாரிகளும் தொழிலதிபர்களும் இருக்கிறார்கள். ஓர் அமைப்பு ‘செய்’ என்றும் இன்னோர் அமைப்பு ‘செய்யாதே’ என்றும் சொன்னால், ஒரே தாளை நான்கு இடத்தில் கேட்டால், காலம் கடந்த ஒரு நிபந்தனை உரிமத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே எழுதலாம். உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, சந்தாவும் இல்லை. இது பலருக்குத் தெரியாதது வருத்தம். ஆனால் வெளிநாட்டு ஊழியர் ஒதுக்கீடு போன்ற பெரிய கொள்கையை ஒரு தனிக்கடையின் கடிதம் அங்கே அசைக்கும் என்று நான் நம்பவில்லை. ரீச் என்னும் கருத்தறியும் அமைப்பும் உண்டு. 1985இல் தொடங்கிய கருத்தறியும் பிரிவு 2006இல் அந்தப் பெயருக்கு மாறியது. பொதுமக்கள் கருத்தைக் கேட்கும்போது அங்கே ஒரு வரி எழுதிப் போடுவது நல்லதுதான். அதோடு நின்றுவிடக் கூடாது.

வாடகைச் சட்டம் வந்த வழி

வாடகைக் கடிதத்தைப் பார்த்ததும் அண்ணனுக்குக் கோபம். எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. இந்தச் சண்டையில் ஒரு பாதியை நமக்காக வேறு சிலர் ஏற்கெனவே போட்டு முடித்துவிட்டார்கள்.

2020இல் கொவிட் வந்தபோது கடைகள் பூட்டிக் கிடந்தன, வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. குத்தகை நியாயமாக இருக்க வேண்டும் என்று வணிகச் சபைகள் அதற்கு முன்பும் பேசிவந்தவைதான். ஆனால் அந்த ஆண்டுதான் உணவக, சில்லறைக் கடை உரிமையாளர்கள் தாங்களே கூடி எஸ்ஜிடஃப் என்ற வாடகைதாரர் கூட்டணியை அமைத்து வெளிப்படையாகப் பேசினார்கள். கடைத்தொகுதி ஒப்பந்தங்களில் என்னென்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது அப்போதுதான் பொதுப்பேச்சானது. அடிப்படை வாடகை ஒரு தொகை, விற்பனையில் பங்கு ஒரு தொகை, இரண்டில் எது அதிகமோ அதைக் கட்டு என்ற மாதிரியான ஷரத்துகள்.

அந்தச் சத்தம் கதவைத் திறந்தது. உள்ளே உட்கார்ந்து எழுதும் வேலை சிங்கப்பூர் வர்த்தகச் சம்மேளனம் கூட்டிய குழுவுக்குப் போனது. அதில் வாடகைக்கு விடுகிறவர்களும் இருந்தார்கள், எடுக்கிறவர்களும் இருந்தார்கள். 2021 மார்ச்சில் நடத்தை விதிகள் வெளியாகி ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. கட்டாயம் இல்லாத நிலையில்தான் தொடங்கியது. பிறகு 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்த விதிகளைக் கட்டாயமாக்கும் சில்லறை விற்பனை இடக் குத்தகைச் சட்டத்தை நிறைவேற்றியது, 2024 பிப்ரவரி 1 முதல் அது அமலானது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளுக்குப் பொருந்தும். வாடகையைக் கணக்கிட ஒரே வாய்ப்பாடு வேண்டும் என்பது அந்த விதிகளில் முக்கியமானது. தகராறு வந்தால் சிங்கப்பூர் சமரச நிலையத்தில் குறைந்த செலவில் பேசித் தீர்க்க வழி வைத்திருக்கிறார்கள்.

மூன்றரை ஆண்டுக்கு மேல் பிடித்த வேலை இது. தனிக் கூட்டணி மட்டும் இருந்திருந்தால் செய்தித்தாளில் நான்கு நாள் வந்து போயிருக்கும். சம்மேளனம் மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் நகர்ந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். இரண்டும் தேவைப்பட்டன, அந்த வரிசையில் தேவைப்பட்டன. ‘சேம்பரா, போராட்டமா’ என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: குறை என்னவென்றே ஊருக்குத் தெரியாதபோது சத்தம் போட வேண்டும். தெரிந்த பிறகு ஷரத்து எழுதத் தெரிந்தவர்களோடு உட்கார வேண்டும்.

ஆனால் இந்தச் சட்டம் வாடகைத் தொகைக்கு உச்சவரம்பு வைக்கவில்லை. உச்சவரம்பு கேட்ட குரல்களுக்கு அரசு இணங்கவும் இல்லை. நம் தெருவின் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும், 1947இலிருந்து பழைய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று இருந்தது. 2001இல் அதை நீக்கினார்கள். கட்டடங்களைப் பழுதுபார்க்க உரிமையாளர்களுக்கு அக்கறையே இல்லாமல் போனது என்பது அன்றைக்குப் பெரிய குறையாக இருந்தது. அந்தக் கதையை அறிந்த அதிகாரியிடம் போய் “வாடகைய நிறுத்துங்க” என்று மட்டும் சொன்னால் பேச்சு அதோடு முடியும். ஆகவே அண்ணனிடம், புதிதாக யாருக்கும் எழுத வேண்டாம், ஒப்பந்தத்தை அந்த விதிகளோடு வரிவரியாக வைத்துப் படிப்போம், பொருந்தாத ஷரத்து இருந்தால் அதைச் சொல்லிப் பேசுவோம், தொகையை நம் விற்பனைக் கணக்கைக் காட்டிப் பேரம் பேசுவோம் என்றேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை. ஆனால் இருக்கும் உரிமையை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

12 பேர் வேலை செய்யும் கடை

இனி மாஸ்டர் விஷயம். என் மனம் அதிகம் தங்குவது இதில்தான்.

சேவைத் துறைக்கு வேலை அனுமதியில் ஆள் எடுப்பதென்றால் மலேசியா, சீனா, பிறகு ஹாங்காங், மக்காவ், தைவான், தென்கொரியா. இந்தியா அந்தப் பட்டியலில் கிடையாது. இட்லிக்கடை வைத்திருப்பவர் இந்தியாவிலிருந்து சமையற்காரரை எடுக்க வேண்டுமானால் அதைவிட அதிகச் சம்பளம் கேட்கும் எஸ் பாஸ் போன்ற அனுமதிகளுக்குத்தான் போக வேண்டியிருந்தது. இந்திய உணவகக்காரர்கள் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். 2022 மார்ச்சில் அறிவிப்பு வந்தது, 2023 செப்டம்பர் 1 முதல் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும் இந்தியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து வேலை அனுமதியில் ஆள் எடுக்கலாம் என்றானது. அந்தச் சிறிய பட்டியலில் அப்போது இந்திய உணவகச் சமையற்காரர் என்று தனியாகவே எழுதியிருந்தார்கள். மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மொத்த ஊழியர்களில் 8 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது.

இது ஏன் பலித்தது என்று நான் யோசித்ததுண்டு. “ஆள் கிடைக்கல” என்று எல்லாத் துறையும்தான் சொல்கிறது. நம்மவர்கள் கேட்டது குறுகலானது, ஒரு கைத்திறன். தந்தூர் அடுப்புக்குள் கைவிட்டு ரொட்டி ஒட்டத் தெரிந்தவர், இருபது படி மாவின் புளிப்பை விரலால் தொட்டே சொல்லத் தெரிந்தவர். அப்படி ஒருவர் வந்தால் உள்ளூர்க்காரரின் வேலை எதுவும் போகாது, அவரை நம்பிக் கல்லாவிலும் பரிமாறலிலும் உள்ளூர்க்காரர்களுக்கு வேலை இருக்கும். கேட்பது எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு எளிதாகக் கொடுக்க முடிகிறது என்பது என் கணிப்பு.

இப்போது அண்ணன் கடைக்கு வருவோம். முழுநேர ஊழியர்கள் 10 பேர். காலையில் காய் நறுக்கவும் பொட்டலம் கட்டவும் வரும் இரண்டு அம்மாக்கள் பகுதிநேரம். உள்ளூர் ஊழியரின் சம்பளம் மாதம் ஒரு குறிப்பிட்ட தொகையைத் தொட்டால்தான் ஒதுக்கீட்டுக் கணக்கில் ஒரு முழு ஆள். 2024 ஜூலையில் அந்தத் தொகை 1,400இலிருந்து 1,600 ஆக உயர்ந்தது. பாதிக்குக் குறையாமல் வாங்கினால் அரை ஆள். ஆக, அந்த இரண்டு அம்மாக்களும் சேர்ந்து ஓர் ஆள். மொத்தம் 11. வரப்போகும் மாஸ்டரையும் சேர்த்தால் 12.

12இல் 8 விழுக்காடு 0.96. 13 பேர் இருந்தால் 1.04. நூறு பேர் வைத்திருக்கும் உணவகக் குழுமத்துக்கு 8 மாஸ்டர்கள். அண்ணன் கடைக்கு ஒருவரும் இல்லை.

விடியற்காலை நாலரைக்கு அந்தச் சமையலறைக்குப் போனவர்களுக்கு இது தசமப்புள்ளி விஷயமாகத் தெரியாது. அறுபது வயதைத் தாண்டிய அண்ணனே கிரைண்டரைக் கழுவி, சாம்பாருக்குப் பருப்பைப் போட்டுவிட்டு, முதல் ஈடு இட்லியை இறக்குகிறார். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல் வந்தால் கடைக்கும் லீவு. “அந்த ரெண்டு அம்மாவையும் முழுநேரமா ஆக்கினா மாஸ்டரோட சேத்துப் பதின்மூணு வந்துடும்ணே” என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். அவர் சிரித்தபடி தலையை ஆட்டினார். இருவருக்கும் பள்ளிவிட்டு வரும் பேரப்பிள்ளைகள். மதியத்துக்கு மேல் அவர்களால் நிற்க முடியாது.

இந்த விதியை எழுதியவர்கள் சின்னக் கடையை ஒதுக்க நினைத்து எழுதினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். விழுக்காட்டில் எழுதினால் எல்லாருக்கும் சமம் என்றுதான் தோன்றும். 12 பேர் கடைக்காரர் யாரும் அந்த மேசையில் உட்கார்ந்து “இது எங்களுக்குப் பூஜ்யமாகிறது” என்று சொல்லவில்லை என்றால் அது யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. சின்னக் கடைக்காரர்கள் பெரியவர்களே போய்ப் பேசட்டும் என்று ஒதுங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

அப்படியானால் எந்த மேசை? சிங்கப்பூர் வர்த்தகச் சம்மேளனம் 2002இல் சட்டப்படி அமைந்தது. செலுத்திய மூலதனம் 5 லட்சம் வெள்ளி அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனங்கள் தாமாகவே அதன் உறுப்பினர்கள். அமைச்சர்கள் காது கொடுக்கும் இடம், ஆண்டுதோறும் தேசிய வணிகக் கருத்தாய்வு நடத்துகிறது. ஆனால் எல்லாத் துறைகளையும் சுமக்கும் அமைப்பில் இட்லிக்கடையின் 0.96 எத்தனையாவது வரிசையில் நிற்கும்? சிறிய, நடுத்தர நிறுவனங்கள் சங்கம் 1986இலிருந்து இருக்கிறது. சம்பளம், கடன், மின்னிலக்க மானியம் போன்றவற்றில் அதன் குரல் நமக்கும் சேர்த்துத்தான் ஒலிக்கிறது. அங்கே சேர்ந்தாலும் நஷ்டமில்லை.

இந்தக் குறை முதலில் அழுத்துவது இந்திய உணவகங்களைத்தான். அதனால் சிங்கப்பூர் இந்திய வர்த்தகத் தொழிற்சபைதான் சரியான இடம் என்பது என் முடிவு. 1924இல் தொடங்கி நூறாண்டு கண்ட அமைப்பு. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்பு நிதி அமைச்சு கருத்து கேட்கும்போது பரிந்துரை கொடுக்கிற சபைகளில் ஒன்று. அதன் தலைவராக இருந்த நீல் பரேக் 2023இல் நியமன நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். நியமன உறுப்பினர் திட்டம் 1990இல் வந்தது, அதிகபட்சம் ஒன்பது பேர், வணிகத் துறையிலிருந்தும் பெயர்களை முன்மொழியலாம். வரிப்பண மசோதாக்களுக்கு அவர்களால் வாக்களிக்க முடியாது. ஆனால் அமைச்சரிடம் கேள்வி கேட்க முடியும், பதில் பதிவாகும். நமக்கு வேண்டியது பல சமயம் அந்தப் பதிலே.

தொழிற்சபையின் மேல் எனக்கு மனக்குறையே இல்லை என்று சொல்ல முடியாது. சபை எதுவாக இருந்தாலும் கூட்டங்கள் வேலை நாள் பகலில் வந்துவிடுகின்றன. ஆள் வைத்திருக்கும் பெரிய நிறுவனம் ஒரு மேலாளரை அனுப்பிவைக்கும். தானே கல்லாவில் நிற்பவர் எப்படிப் போவார்? சந்தா கட்டிவிட்டு, வரும் கருத்தாய்வுப் படிவங்களைத் திறக்காமல் வைத்திருக்கும் நம்மவர்களையும் நான் பார்க்கிறேன். அந்தச் சந்தா வீண். உணவுத் துறைக் கூட்டத்துக்கு ஆண்டில் இரண்டு முறையாவது போக முடியும், படிவத்தை நிரப்ப முடியும் என்றால் மட்டும் சேருங்கள் என்று அண்ணனிடம் நேராகவே சொன்னேன்.

போகும்போது என்ன கொண்டுபோவது என்பதையும் பேசினோம். 2024இல் 3,000க்கும் மேற்பட்ட உணவு வணிகங்கள் மூடப்பட்டன என்ற எண்ணை எல்லாரும் சொல்கிறார்கள். அதே ஆண்டில் அதைவிட அதிகமாகத் திறந்தன என்று அதிகாரி பதில் சொல்வார், அதுவும் உண்மை. அதனால் அந்த எண் நமக்கு உதவாது. உதவப்போவது நம் தெருவில் மாஸ்டரையும் சேர்த்து எண்ணினாலும் 13 ஆகாத கடைகள் எத்தனை, அவற்றில் எத்தனை கடைகள் மாஸ்டர் இல்லாமல் காலை நேரத்தை விட்டுவிட்டன, பட்டியலில் எந்தெந்தப் பண்டங்களை நிறுத்திவிட்டன என்ற கணக்கு. நான் கணக்குப் பார்க்கும் கடைகளிடம் அனுமதி கேட்டு, கடைப் பெயர் இல்லாமல் ஒரு தாளில் தொகுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கோரிக்கையும் ஒரே வரி: இந்திய உணவகம் எவ்வளவு சிறிதானாலும் ஒரு சமையற்காரர் என்ற குறைந்தபட்சம். உடனே ஒரு கேள்வி வரும். ஒரு பெரிய கடை தன்னைப் பத்துச் சின்ன நிறுவனமாகப் பிரித்துக்கொண்டு பத்து மாஸ்டர் கேட்டால்? அதற்குப் பதில் இல்லாமல் போனால் நல்ல கோரிக்கையும் அங்கேயே விழும். குறிப்பிட்ட ஆண்டுகள் அதே இடத்தில் நடந்துவரும், அதே பெயரில் உரிமம் உள்ள கடைக்கு மட்டும் என்று வைக்கலாம். மத்திய சேமநிதி ஒழுங்காகக் கட்டிய பதிவும் கேட்கலாம். சிரமம் நமக்குத்தான், ஆனாலும் அந்த நிபந்தனைகளை நாமே எழுதிக் கொடுப்பது நல்லது.

வரவுசெலவுத் திட்டத்துக்கு ஜனவரியில் விழித்துக்கொண்டு எழுதுவதில் பயன் குறைவு. சபைகள் அதற்கு முன்பே உறுப்பினர்களிடம் கேட்டுத் தொகுத்துவிடும். அதனால் மழைக்காலத்துக்கு முன்பே தாள் தயாராக வேண்டும்.

தரை காய்ந்து நாற்காலிகளை நிமிர்த்தத் தொடங்கினார்கள். மாலைக் கூட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொழிற்சபை விண்ணப்பத்தைக் கைப்பேசியில் திறக்கச் சொன்னார். பெயர், முகவரி, தொடங்கிய ஆண்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டிக்கொண்டே வந்தேன். ஊழியர் எண்ணிக்கை வந்தபோது நான் நிறுத்தினேன்.

“பன்னெண்டுன்னே போடு தம்பி,” என்றார்.